வங்கிப் படிவத்தில் ஒரு டிக்: கணக்கு விவரம் எல்லை தாண்டும் வழி

வங்கியில் புதுக் கணக்கு தொடங்கும்போதும், மியூச்சுவல் ஃபண்டில் முதல் தவணை போடும்போதும் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி இருக்கும்: "இந்தியாவைத் தவிர வேறு எந்த நாட்டிலாவது நீங்கள் வரிக்குரிய ரெசிடென்ட்டா?" அதாவது, வரிக்கணக்கில் உங்களைத் தன் நாட்டில் வசிப்பவராக எண்ணும் வேறு நாடு உண்டா? பலர் அதைப் படிப்பதே இல்லை. கிளையில் உட்கார்ந்திருப்பவரே 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கொடுப்பார், நாம் கையெழுத்துப் போடுவோம். உள்ளூரிலேயே வேலை பார்த்து, வெளிநாட்டில் ஒரு காசும் வைத்திராதவருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் துபாயில் மகன், சிங்கப்பூரில் மருமகள், டெக்சாசில் பெண், கப்பலில் தம்பி என்று இருக்கும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு உண்டு. இவர்களில் ஒருவர் பெயர் அந்தக் கணக்கில் இருந்தால் அந்த டிக் எல்லை தாண்டிப் போகிறது.

அது எங்கே போகிறது, எதற்காகப் போகிறது என்பது தெரியாமல் அவதிப்படுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்த ஏற்பாடு கட்டப்பட்டது பணத்தை ஒளித்துவைத்தவர்களைப் பிடிக்க. ஆனால் இன்று வருமான வரித் துறையிடமிருந்து குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வந்து திகைத்து நிற்பவர்களில் பெரும்பகுதியினர் எதையும் ஒளிக்காதவர்கள் என்பது என் கணிப்பு. அவர்களுடைய வாழ்க்கை ஒரு நாட்டிலும், வங்கிக் காகிதம் இன்னொரு நாட்டிலும் இருக்கிறது. சிக்கல் முழுக்க அந்த இடைவெளியில்தான்.

சுவிட்சர்லாந்திலிருந்து தொடங்கலாம். 1934-இல் அந்த நாடு இயற்றிய வங்கிச் சட்டம், வாடிக்கையாளர் விவரத்தை வெளியே சொல்வதையே குற்றமாக்கியது. அடுத்த எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக உலகப் பணக்காரர்களுக்கு அதுவே அரணாக இருந்தது. வேறொரு நாட்டு வரி அதிகாரி விவரம் கேட்கலாம். ஆனால் யாருடைய கணக்கு, எந்த வங்கி, என்ன சந்தேகம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். பெயரே தெரியாதபோது எதை வைத்துக் கேட்பது?

அரண் முதலில் உடைந்தது திருட்டால். 2008-இல் சுவிட்சர்லாந்தை ஒட்டிய குட்டி நாடான லிக்டன்ஸ்டைனில் உள்ள எல்ஜிடி வங்கியின் விவரங்கள் அடங்கிய வட்டு ஜெர்மனியின் கைக்கு வந்தது. அதில் இந்தியர் பெயர்களும் இருந்தன, ஜெர்மனி அவற்றை இந்தியாவுக்குத் தந்தது. அப்புறம் ஜெனீவா எச்எஸ்பிசி வங்கியிலிருந்து ஓர் ஊழியர் எடுத்துச் சென்ற பட்டியல் பிரான்ஸ் வழியாக 2011-இல் இந்தியாவுக்கு வந்தது; அதில் 628 பெயர்கள். வழக்கறிஞர் ராம் ஜெத்மலானி முதலியோர் தொடுத்த கறுப்புப் பண வழக்கில் 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கச் சொன்னதும், 2014-இல் அந்தப் பட்டியல் மூடிய உறையில் நீதிமன்றத்துக்குப் போனதும் அன்றைய செய்தித்தாள்களைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். யாராவது ஓர் ஊழியர் வட்டை எடுத்துக்கொண்டு ஓடினால்தான் அரசுக்குத் தெரியவரும் என்பதே அன்றைய நிலை.

அதை மாற்றியது அமெரிக்கா. சுவிட்சர்லாந்தின் யூபிஎஸ் வங்கி அமெரிக்கர்கள் வரி ஏய்க்க உதவியது என்பதை அந்த வங்கியில் வேலை பார்த்த பிராட்லி பிர்க்கன்ஃபெல்ட் வெளியே சொன்னார். 2009 பிப்ரவரியில் யூபிஎஸ் 78 கோடி டாலர் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுமார் 4,450 கணக்குகளின் விவரத்தைத் தர சுவிஸ் தரப்பு ஒப்புக்கொண்டது. உண்மையைச் சொன்ன பிர்க்கன்ஃபெல்ட் சிறைக்கும் போனார், 2012-இல் அமெரிக்க வரித் துறையிடமிருந்து 10.4 கோடி டாலர் வெகுமதியும் பெற்றார்.

2010 மார்ச்சில் அமெரிக்கா ஃபாட்கா சட்டத்தைக் கொண்டுவந்தது. உலகில் எந்த வங்கியானாலும் தன்னிடமுள்ள அமெரிக்கர்களின் கணக்குகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அமெரிக்காவிலிருந்து அந்த வங்கிக்குப் போகும் வட்டி, ஈவுத்தொகை போன்றவற்றில் 30 சதவீதம் பிடித்தம். டாலர் இல்லாமல் எந்தப் பெரிய வங்கியும் நடக்காது. ஒவ்வொரு நாடாக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. இந்தியா கையெழுத்திட்டது 2015 ஜூலை 9-இல்.

அமெரிக்காவுக்கு மட்டும் ஏன், எல்லோரும் எல்லோருக்கும் கொடுத்துக்கொள்ளலாமே என்று ஜி-20 நாடுகள் கேட்டதன் விளைவு, பொருளாதார ஒத்துழைப்புக்கான ஓஇசிடி அமைப்பு 2014-இல் வகுத்த சிஆர்எஸ் என்ற பொது நடைமுறை. அந்த ஆண்டு அக்டோபர் 29-இல் பெர்லினில் 51 நாடுகளும் ஆட்சிப்பகுதிகளும் அதற்கான உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. இந்தியா 2015 ஜூன் 3-இல் சேர்ந்தது. முதல் பரிமாற்றம் 2017 செப்டம்பரில் நடந்தது. சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம் முதலியவை 2018-இல் வந்தன. சுவிட்சர்லாந்திலிருந்து இந்தியர்களின் கணக்கு விவரம் தானாக வந்து சேர்ந்த முதல் மாதம் 2019 செப்டம்பர். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் இதில் உள்ளன.

2017 ஏப்ரலில் நடந்த ஒரு பரபரப்பு பலருக்கு நினைவிருக்கலாம். 2014 ஜூலை 1 முதல் 2015 ஆகஸ்ட் 31 வரை திறந்த கணக்குகளுக்கு ஏப்ரல் 30-க்குள் ஃபாட்கா உறுதிமொழி கொடுக்காவிட்டால் கணக்கு முடக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. கணக்குத் தொடங்கும்போது நாம் போடும் அந்த டிக்கும் இதே உறுதிமொழிதான்.

போவது என்ன?

ஒவ்வொரு பணப் பரிமாற்றமும் போகிறது என்று நினைத்துப் பயப்படுபவர்கள் உண்டு. அப்படியில்லை. பெயர், முகவரி, பிறந்த தேதி, வரி அடையாள எண், கணக்கு எண், டிசம்பர் 31 அன்று இருந்த இருப்பு, அந்த ஆண்டு வந்த வட்டி, ஈவுத்தொகை, முதலீட்டை விற்றுக் கிடைத்த தொகை ஆகியவை போகின்றன. நடுவில் கணக்கை மூடியிருந்தால் மூடிய விவரம் போகும். மளிகைக் கடைக்கு யூபிஐயில் அனுப்பியதெல்லாம் இதில் வராது.

வங்கி நேரடியாக வெளிநாட்டுக்கு எதையும் அனுப்புவதில்லை. சிங்கப்பூர் வங்கி சிங்கப்பூர் வரித் துறையிடம் கொடுக்கிறது. அந்தத் துறை, கணக்கு வைத்திருப்பவர் எந்தெந்த நாட்டு ரெசிடென்ட் என்று பிரித்து, மறைகுறியாக்கிய கோப்பாக அந்தந்த நாட்டுக்கு அடுத்த ஆண்டு செப்டம்பருக்குள் அனுப்பிவிடுகிறது. இந்திய வங்கிகளும் இதே மாதிரி நம் வருமான வரித் துறை வழியாக அனுப்புகின்றன. யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை, மனுப் போட வேண்டியதில்லை. பழைய நாளின் 'கேட்டால் கொடுப்போம்' என்ற முறை போய், கேட்காமலே ஆண்டுதோறும் வந்து சேருகிறது.

ஒருவர் எந்த நாட்டு ரெசிடென்ட் என்பதை வங்கி இரண்டு வழியில் தெரிந்துகொள்கிறது. ஒன்று, நாமே கையெழுத்திட்ட உறுதிமொழி. மற்றொன்று, நம் கோப்பில் கிடக்கும் தடயங்கள்: வெளிநாட்டு முகவரி, வெளிநாட்டுக் கைபேசி எண், மாதாமாதம் வெளிநாட்டுக் கணக்குக்குப் பணம் போகும்படி கொடுத்த நிலையான உத்தரவு, வெளிநாட்டில் இருப்பவருக்குக் கொடுத்த பவர் ஆஃப் அட்டர்னி. கையெழுத்து ஒன்றும் தடயம் வேறொன்றும் சொன்னால் வங்கி விளக்கம் கேட்கும். விளக்கம் கொடுக்காவிட்டால் தடயம் சொல்லும் நாட்டுக்கே விவரம் போய்விடும்.

தொகை குறைவாக இருந்தால் தப்பிக்கலாம் என்ற நம்பிக்கையும் பலரிடம் இருக்கிறது. ஃபாட்காவில் பழைய தனிநபர் கணக்குகளுக்கு 50,000 டாலர் என்ற வரம்பு இருந்தது. சிஆர்எஸ்ஸில் தனிநபர் கணக்குக்கு அப்படிக் குறைந்தபட்ச வரம்பே கிடையாது.

நம் குடும்பங்களை அதிகம் தொடும் விதி கூட்டுக் கணக்கு பற்றியது. அப்பா தன் ஓய்வூதியப் பணத்தை டெபாசிட் போடுகிறார். தனக்கு ஏதாவது ஆனால் பிள்ளை அலையக் கூடாதே என்று அமெரிக்காவில் இருக்கும் மகன் பெயரையும் சேர்க்கிறார். பாசத்தில் செய்வது. ஆனால் கூட்டுக் கணக்கில் ஒவ்வொருவர் பெயரிலும் முழு இருப்பையும் காட்ட வேண்டும் என்பதே விதி. பாதிப் பாதி கிடையாது. அப்பாவின் 40 லட்சம் முழுவதும் மகனுடையதாக அமெரிக்க வரித் துறையின் கோப்பில் ஏறும். மகன் அதில் ஒரு ரூபாய்கூடத் தொட்டிருக்க மாட்டார். வாரிசுக்கு எளிதாகக் கிடைக்க வேண்டும் என்பது மட்டுமே நோக்கமானால் நாமினியாகப் பெயர் கொடுத்தாலே போதும், நாமினி கணக்கின் உரிமையாளர் ஆகமாட்டார். இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டாலே பல வீடுகளில் பாதித் தலைவலி குறையும்.

நாள் எண்ணும் சட்டம்

வரிக்காக ஒருவர் எந்த நாட்டு ரெசிடென்ட் என்பதைப் பாஸ்போர்ட் தீர்மானிப்பதில்லை. குடியுரிமையை வைத்து வரி கேட்பவை அமெரிக்காவும் எரித்ரியாவும்தான். மற்ற நாடுகள் அனேகமாக நாளை எண்ணுகின்றன. சில நாடுகள் வீடு, குடும்பம், வேலை எங்கே என்றும் பார்க்கின்றன.

இந்தியாவில் நிதியாண்டுக்குள் 182 நாள் இங்கே இருந்தால் ரெசிடென்ட். அல்லது அந்த ஆண்டில் 60 நாளும், அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாளும் இருந்தாலும் ரெசிடென்ட். வேலைக்காக வெளிநாடு கிளம்பும் ஆண்டிலும், வெளிநாட்டில் இருப்பவர் விடுமுறைக்கு வந்து போகும் ஆண்டிலும் இந்தியக் குடிமக்களுக்கு அந்த 60 நாள், 182 நாளாகத் தளர்த்தப்படுகிறது. 2020-இல் வந்த திருத்தத்தின்படி, இந்தியாவில் ஈட்டும் வருமானம் 15 லட்சத்துக்கு மேல் உள்ளவர் விடுமுறைக்கு வந்தால் 182-க்குப் பதில் 120 நாள்தான் எல்லை. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வருமான வரிச் சட்டத்திலும் இந்த நாள் கணக்கின் அடிப்படை மாறவில்லை.

அதே 2020 பட்ஜெட்டில் இன்னொரு விதியும் வந்தது. எந்த நாட்டிலும் வரிக்கு உட்படாத இந்தியக் குடிமகனுக்கு இங்கே 15 லட்சத்துக்கு மேல் வருமானம் இருந்தால், அவர் ஒரு நாள்கூட இந்தியாவில் இல்லாவிட்டாலும் ரெசிடென்ட்டாகக் கருதப்படுவார். வளைகுடாவில் இருப்பவர்கள் பதறிப்போனார்கள். வளைகுடாச் சம்பளத்துக்கு வரி விதிப்பது நோக்கமல்ல என்று மறுநாளே, பிப்ரவரி 2-இல், அரசு விளக்கம் தந்தது. இந்த விதியில் வருபவருக்கு முழு ரெசிடென்ட் நிலை கிடையாது, 'சாதாரணமாக வசிக்காத ரெசிடென்ட்' என்ற இடைநிலைதான். அந்த நிலையில் வெளிநாட்டில் சம்பாதித்ததற்கு இங்கே வரி இல்லை.

இந்த இடைநிலை, ஆடிட்டர்கள் 'ஆர்என்ஓஆர்' என்பது, ஊர் திரும்புகிறவர்களுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய சலுகை. பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்பதுதான் எனக்கு வருத்தம். முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பது ஆண்டு என்ஆர்ஐயாக, அதாவது வரிக்கணக்கில் இங்கே வசிக்காதவராக இருந்தவர், அல்லது முந்தைய ஏழு ஆண்டுகளில் இந்தியாவில் தங்கியது மொத்தம் 729 நாளைத் தாண்டாதவர், திரும்பி வந்தபின் பெரும்பாலும் இரண்டு ஆண்டு இந்த நிலையில் இருக்கலாம். அங்கே விட்டுவந்த டெபாசிட் வட்டிக்கு அதுவரை இங்கே வரி இல்லை. ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியல் போட வேண்டிய கட்டாயமும் இல்லை. மீதிக் கணக்குகளை ஒழுங்குசெய்ய இரண்டு ஆண்டு அவகாசம் கிடைத்த மாதிரி.

ஒரு நாள் எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். சிங்கப்பூரில் பதினைந்து ஆண்டு வேலை பார்த்து, ஆண்டுக்கு ஒரு மாதம் மட்டும் ஊருக்கு வந்துபோனவர், வேலையை விட்டு, அந்த நிதியாண்டில் அதற்குமுன் ஊருக்கு வராமல், அக்டோபர் 1 அன்று திருச்சியில் இறங்குகிறார். லீப் ஆண்டு இல்லையென்றால் மார்ச் 31 வரை சரியாக 182 நாள்: அவர் அந்த ஆண்டின் ரெசிடென்ட். அக்டோபர் 2 அன்று வந்திருந்தால் 181. அந்த ஆண்டு முழுக்க அவர் என்ஆர்ஐ. ஒரு நாள் டிக்கெட்டில் ஓர் ஆண்டின் நிலை மாறுகிறது. இதில் வந்திறங்கிய நாளைச் சேர்ப்பதா விடுவதா என்பதற்கே வழக்குகள் நடந்திருக்கின்றன, அதனால் எல்லைக்கோட்டில் நின்றுகொண்டு பயணத் தேதி போடாமல் சில நாள் இடைவெளி விடுவது நல்லது.

கொரோனாக் காலத்தில் இந்த நாள் கணக்கு எத்தனை பேரைப் படுத்தியது! விடுமுறைக்கு வந்தவர்கள் விமானம் இல்லாமல் மாட்டிக்கொண்டார்கள். 2020 மார்ச் 22 முதல் 31 வரை சிக்கிய நாட்களை 2019-20 கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று நேரடி வரிகள் வாரியம் மே மாதம் சுற்றறிக்கை விட்டது. ஆனால் அடுத்த நிதியாண்டுக்கு அப்படிப் பொதுவான விலக்கு தரவில்லை. இரட்டை வரி வந்தால் தனித்தனியாக விண்ணப்பியுங்கள் என்று 2021 மார்ச்சில் சொன்னது. தன் விருப்பத்தில் தங்காதவரைத் தங்கியவராக எண்ணியது நியாயமில்லை என்றே நான் இன்றும் நினைக்கிறேன்.

கப்பலில் வேலை பார்க்கும் தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நாள் எண்ணுவது ஒரு தனி வேலை. ஒப்பந்தம் ஆறு மாதம், நான்கு மாதம் என்று போகும், கப்பல் கிடைக்காமல் ஒரு மாதம் கூடுதலாக வீட்டில் இருந்தால் நிலையே மாறிவிடும். அவர்களுடைய கப்பல் பணிப் பதிவேடான சிடிசி புத்தகத்தில் ஏறிய, இறங்கிய தேதி இருக்கும், அதுவே சான்று. மற்றவர்களுக்குப் பாஸ்போர்ட் முத்திரை. இப்போது பல விமான நிலையங்களில் தானியங்கிக் கதவு வந்துவிட்டதால் முத்திரையே விழுவதில்லை. பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள், போர்டிங் பாஸையாவது படம் எடுத்து வையுங்கள். ஐந்தாறு ஆண்டு கழித்து ஒரு கடிதம் வரும்போது வேறு சாட்சி இருக்காது.

சரி, இரண்டு நாடும் 'எங்கள் ரெசிடென்ட்' என்றால்? சிங்கப்பூரில் கணக்கு ஜனவரி முதல் டிசம்பர், இந்தியாவில் ஏப்ரல் முதல் மார்ச். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்போது இப்படி நடப்பது சாதாரணம். இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இதற்கு ஒரு வரிசை வைத்திருக்கிறது. நிரந்தர வீடு எங்கே என்று முதலில் பார்ப்பார்கள். இரண்டு இடத்திலும் இருந்தால், குடும்பமும் தொழிலும் எந்த நாட்டோடு நெருக்கம் என்று பார்ப்பார்கள். அப்புறம் வழக்கமாகத் தங்குமிடம், அதன்பின் குடியுரிமை. அதிலும் தீராவிட்டால் இரு நாட்டு அதிகாரிகளும் பேசி முடிப்பார்கள். இதற்கெல்லாம் கையில் வேண்டியது அந்த நாட்டு வரித் துறை தரும் வசிப்பிடச் சான்றிதழ். அமீரகத்தில் தனிநபர் வருமான வரியே இல்லாவிட்டாலும் இந்தச் சான்றிதழ் அங்கே கிடைக்கிறது.

இந்த நாள் கணக்கு இருக்கும்போதே அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமா தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அதற்கு எத்தனை நாள் என்பதைவிட எதற்காகப் போனீர்கள், எதற்காக வந்தீர்கள் என்பது முக்கியம். வேலைக்கென்று விமானம் ஏறியதுமே ஃபெமா பார்வையில் நீங்கள் வெளிநாட்டவர். ஊரில் இருந்த சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் இருப்பவரின் உள்ளூர் வருமானத்துக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றியாக வேண்டும். நிரந்தரமாகத் திரும்பியதும், வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை ரூபாயில் போட்டுவந்த என்ஆர்இ கணக்கை ரெசிடென்ட் கணக்காகவோ, திரும்பியவர்கள் வெளிநாட்டுப் பணமாகவே வைத்துக்கொள்ளும் ஆர்எஃப்சி கணக்காகவோ மாற்ற வேண்டும். என்ஆர்இ வட்டிக்கு இங்கே வரி இல்லை என்பது ஃபெமாவின்படி வெளிநாட்டவராக இருக்கும்வரைதான். திரும்பி மூன்று ஆண்டாகியும் அதே கணக்கில் வரியில்லா வட்டி வாங்குகிறவர்களையும், போய்ப் பத்து ஆண்டாகியும் பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே ஓட்டுகிறவர்களையும் நம் எல்லோருக்கும் தெரியும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

அமெரிக்காவில் இருப்பவர்கள்

மற்ற எவரையும்விடக் கவனமாக இருக்க வேண்டியவர்கள் இவர்கள். கிரீன் கார்டு கைக்கு வந்துவிட்டால் ரெசிடென்ட்; எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர்களில் பெரும்பாலோரும் நாள் கணக்குப்படி ரெசிடென்ட்தான். ரெசிடென்ட் என்றால் உலகம் முழுக்க வரும் வருமானத்துக்கும் அங்கே கணக்குக் காட்ட வேண்டும். இந்தியாவில் வரியில்லாத என்ஆர்இ வட்டிக்கு அமெரிக்காவில் வரி உண்டு. இங்கே வரி இல்லையே, அங்கே எதற்குக் காட்ட வேண்டும் என்று நினைத்து விட்டவர்கள் பலர். பிரிட்டனில் இருப்பவர்களும் இதே இடத்தில் சறுக்குகிறார்கள்.

வெளிநாட்டுக் கணக்குகளில் எல்லாம் சேர்த்து ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்ற அறிக்கையை அமெரிக்காவில் தாக்கல் செய்ய வேண்டும். பணம் நமதாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, கையெழுத்திடும் உரிமை இருந்தாலே போதும். அப்பாவின் டெபாசிட்டில் சேர்த்த பெயர் இங்கே மறுபடி வருகிறது. இந்திய மியூச்சுவல் ஃபண்டுகள் அமெரிக்கச் சட்டத்தில் தனி வகையாகப் பார்க்கப்பட்டு, கடுமையான வரிக்கணக்குக்கு உள்ளாகின்றன. ஃபாட்கா வந்தபின் பல இந்திய ஃபண்ட் நிறுவனங்கள் அமெரிக்காவில் இருப்பவர்களிடம் முதலீடு வாங்குவதையே நிறுத்தின.

எஃப்பார் தவறினால் எவ்வளவு அபராதம் என்பதற்கு ஒரு வழக்கு. ருமேனியாவில் பிறந்து அமெரிக்கக் குடிமகனாகி, பின்பு ருமேனியாவுக்கே திரும்பிப்போன பிட்னர் என்பவர் ஐந்து ஆண்டு அறிக்கையைத் தாக்கல் செய்யவில்லை. வேண்டுமென்று செய்ததாக அரசும் சொல்லவில்லை. ஆனாலும் 272 கணக்கு விடுபட்டதென்று கணக்குக்கு 10,000 டாலர் வீதம் 27.2 லட்சம் டாலர் கேட்டது. 2023 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற வாக்கில், அபராதம் ஓர் அறிக்கைக்குத்தான், கணக்குக்கு அல்ல என்று தீர்ப்பளித்தது. தொகை 50,000 டாலராக இறங்கியது. தெரியாமல் விட்ட ஒருவருக்கு அதுவும் பெரிய தொகைதான்.

உலகையே விவரம் கொடுக்கச் சொன்ன அமெரிக்கா, சிஆர்எஸ்ஸில் இன்றுவரை சேரவில்லை. ஃபாட்கா ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அது தருவது வட்டி, ஈவுத்தொகை மாதிரியான வருமான விவரம்தான். நாம் அதற்குத் தருவது போலக் கணக்கு இருப்பை அது தருவதில்லை. இது சமமான பரிமாற்றம் அல்ல. சிறு நாடுகள் வட்டாரக் கிளைவரை மென்பொருள் போட்டு விவரம் சேகரித்து அனுப்பும்போது, மிகப் பெரிய பொருளாதாரம் பாதிக் கதவை மூடிவைத்திருப்பது தவறு.

இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. 2019 ஜூலையில் பல்கேரியாவின் வரித் துறைக் கணினிகளில் புகுந்து சுமார் 50 லட்சம் பேரின் விவரத்தைத் திருடினார்கள், அதில் பிற நாடுகள் பரிமாறிய தகவலும் இருந்தது. இத்தனை நாடுகளில் எங்கோ ஒரு துறையின் பூட்டு பலவீனமாக இருந்தால் நம் கணக்கு எண்ணும் பிறந்த தேதியும் வெளியே போகும். அதை நாம் தடுக்க வழியில்லை.

கடிதம் வந்தால்

இந்தியாவில் முழு ரெசிடென்ட்டாக இருப்பவர் வெளிநாட்டில் எது வைத்திருந்தாலும் ரிட்டர்னில் ஷெட்யூல் எஃப்ஏ என்ற பகுதியில் காட்ட வேண்டும். வருமானம் வரவில்லை என்றாலும், மூடாமல் விட்டுவந்த கணக்கில் 200 டாலர்தான் கிடக்கிறது என்றாலும் காட்ட வேண்டும். இதில் பலர் தவறும் ஓர் இடம்: ரிட்டர்ன் நிதியாண்டுக்கு, ஆனால் ஷெட்யூல் எஃப்ஏ மட்டும் டிசம்பர் 31-இல் முடியும் ஆண்டுக்கு. வெளிநாட்டிலிருந்து வரும் தகவலும் டிசம்பர் 31 கணக்கில்தான் வருகிறது. அதோடு ஒப்பிடத் தோதாக இப்படி வைத்திருக்கிறார்கள்.

இதில் இன்று அதிகம் மாட்டுவது சென்னை, கோவை ஐடி ஊழியர்கள். ஊரை விட்டே போகாதவர்கள். அமெரிக்கத் தாய் நிறுவனம் சம்பளத்தின் ஒரு பகுதியாகப் பங்கு தருகிறது. அது அமெரிக்கத் தரகர் கணக்கில் கிடக்கிறது. பங்கு கைக்கு வந்தபோதே நிறுவனம் டிடிஎஸ் பிடித்துவிட்டது, இனி என்ன என்று இருந்துவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பங்கு வெளிநாட்டுச் சொத்து. அதில் வரும் ஈவுத்தொகை வெளிநாட்டு வருமானம். அமெரிக்காவில் அதற்கு 25 சதவீதம் பிடிக்கப்படும், அதை இங்கே கழித்துக்கொள்ள உரிய படிவமும் கொடுக்க வேண்டும்.

2015-இல் வந்த கறுப்புப் பணச் சட்டம் கடுமையானது. காட்டாத வெளிநாட்டுச் சொத்தின் மதிப்பில் 30 சதவீதம் வரி, அந்த வரியைப் போல மூன்று மடங்கு அபராதம். கூட்டினால் சொத்தின் மதிப்பைவிட அதிகம், 120 சதவீதம். வரி கட்டிய பணத்தில் வாங்கியதாகவே இருந்தாலும் ஷெட்யூலில் காட்டாமல் விட்டதற்கு 10 லட்ச ரூபாய் அபராதம் விதிக்கலாம். 2024 அக்டோபர் 1 முதல், அசையாச் சொத்து தவிர்த்த மற்றவை மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த 10 லட்ச அபராதம் இல்லை என்று தளர்த்தினார்கள். நல்ல மாற்றம்.

2015-இல் அந்தச் சட்டத்தோடு மூன்று மாத அவகாசம் தந்து தானே முன்வந்து சொல்லும்படி அரசு அழைத்தபோது, வந்தவர்கள் 650 பேருக்கும் குறைவு. 2024 நவம்பரில் வரித் துறை வேறு வழியில் போனது. வெளிநாட்டிலிருந்து வந்த விவரத்தையும் ரிட்டர்னையும் ஒப்பிட்டு, 'உங்கள் பெயரில் வெளிநாட்டுக் கணக்கு இருப்பதாகத் தெரிகிறது, ரிட்டர்னைச் சரிபாருங்கள்' என்று குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அனுப்பியது. 24,678 பேர் ரிட்டர்னைத் திருத்திக்கொண்டார்கள். 29,208 கோடி ரூபாய் வெளிநாட்டுச் சொத்து கணக்கில் ஏறியது. மிரட்டலுக்கு வராதவர்கள் நினைவூட்டலுக்கு வந்தார்கள். ஒளித்தவர்களைவிட மறந்தவர்களும் தெரியாதவர்களுமே அதிகம் என்று நான் நம்புவதற்கு இந்த எண்ணிக்கைதான் காரணம்.

எனவே அப்படி ஒரு செய்தி வந்தால் பதறி அழித்துவிட வேண்டாம். அது மோசடி இணைப்பாகவும் இருக்கலாம் என்பதால் அதில் உள்ள எதையும் தொடாமல், வருமான வரித் தளத்தில் நேராக உங்கள் கணக்குக்குள் போய்ப் பாருங்கள். அந்த ஆண்டு நீங்கள் யார் என்று முதலில் எண்ணுங்கள். என்ஆர்ஐ அல்லது ஆர்என்ஓஆர் என்றால் ஷெட்யூல் எஃப்ஏ தேவையே இல்லை. பயணத் தேதிகளை வைத்து அப்படிப் பதில் சொன்னால் போதும். முழு ரெசிடென்ட் என்றால், கெடு முடிவதற்குள் ரிட்டர்னைத் திருத்துவது அபராதத்தைவிடப் பல மடங்கு மலிவு. இதை ஆடிட்டரிடம் கொண்டுபோகும்போது 'ரிட்டர்ன் போடுங்கள்' என்று மட்டும் சொல்லாமல், எந்த நாட்டில் என்ன இருக்கிறது என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாததை அவரால் ஷெட்யூலில் போட முடியாது.

வங்கிக்கும் போக வேண்டும். நிலை மாறியதும் புது உறுதிமொழி கொடுப்பது நம் பொறுப்பு. பல படிவங்களில் 30 நாள் என்றே எழுதியிருக்கும். அக்டோபர் 1 அன்று திருச்சியில் இறங்கிய அந்தச் சிங்கப்பூர்க்காரர் செய்ய வேண்டியது இவ்வளவு: சிங்கப்பூர் வங்கிக்குத் தன் புதிய முகவரியையும் பான் எண்ணையும் கொடுத்து இந்திய ரெசிடென்ட் என்று எழுதித் தருவது; இங்கே என்ஆர்இ கணக்கை மாற்றுவது; பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும் நகல் எடுத்து வைப்பது; கடைசியாக, தான் அங்கே இருந்தபோது அம்மா போட்ட டெபாசிட்டில் யார் யார் பெயர் இருக்கிறது என்று அந்தப் பழைய ரசீதை எடுத்துப் பார்ப்பது.